முந்திரித் தோப்பில் நான் பார்த்ததாகச் சொன்னது

என் அக்காவைக் கட்டிக்கொடுத்தது பண்ருட்டிப் பக்கம் காடாம்புலியூரில். நான் சிதம்பரத்தில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். வருஷத்துக்கு ஒருமுறை, பலாப்பழம் வருகிற காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையை மூடிவிட்டு அக்கா வீட்டுக்குப் போவேன். பழம் ஒரு சாக்குதான். அக்காவைப் பார்க்கவேண்டும், மாமாவோடு தோப்பில் ஒரு சுற்று நடக்கவேண்டும், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கவேண்டும், அவ்வளவுதான். அந்த வருஷமும் அப்படித்தான் போனேன்.

மாமா அதிகம் பேசாதவர். அவர் அப்பா காலத்திலிருந்து வீட்டில் ஒரு ஒற்றைக்குழல் துப்பாக்கி உண்டு. பயிர்ப் பாதுகாப்புக்கு என்று லைசென்ஸ். காட்டுப்பன்றி வந்து வேரைக் கிளறிப்போட்டால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைப்பார், அதோடு சரி. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைப்பார், முடிந்ததும் வாங்கிவந்து எண்ணெய் போட்டுத் துடைத்து பீரோவில் வைப்பார். அன்று காலையில் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் கிளம்பியபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. பன்றிகள் ஜாஸ்தியாகிவிட்டன, நேற்று வடக்கு ஓரத்தில் ஆறேழு முந்திரிக் கன்றைச் சாய்த்துவிட்டன என்றார். நான் வெறுங்கையோடு பின்னால் நடந்தேன்.

வடக்கு ஓரத்தில் பன்றி இல்லை. பக்கத்துத் தோப்புக்காரர் இருந்தார்.

அவரை எனக்கு நன்றாகத் தெரியும். என் வயதுதான் இருக்கும். நான் போகும்போதெல்லாம், "சிதம்பரத்துக்காரரே, எங்க தோப்புப் பழத்தயும் தின்னு பாருங்க" என்று ஒரு பழத்தைப் பிளந்து வைப்பவர். ஆனால் அந்த வருஷம் அவருக்கும் மாமாவுக்கும் பேச்சு இல்லை. அவர் தோப்புக்குப் போகிற ஒற்றையடிப் பாதை மாமாவின் நிலத்துக்குள் கொஞ்ச தூரம் வரும். மாமா அதை மறித்து முள்வேலி போட்டிருந்தார். அதனால் அவர் ஓடை வழியாகச் சுற்றிப் போகவேண்டியிருந்தது. தாலுகா ஆபீஸில் மனு கொடுத்தார், யாரும் வந்து பார்க்கவில்லை. இதெல்லாம் அக்கா காலையில் தோசை சுடும்போது சொன்னது. மாமா செய்தது சரியில்லை என்றும் மெதுவாகச் சொன்னாள்.

நாங்கள் போனபோது அவர் கொடுவாளால் வேலியை வெட்டிக்கொண்டிருந்தார். கொடுவாள் என்றால் அந்தப் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் இருப்பது. முள் கழிக்க, பலாக்கிளை தறிக்க, பழம் பிளக்க எல்லாவற்றுக்கும் அதுதான். பாதி வேலி ஏற்கெனவே கீழே கிடந்தது. மாமா குரல் கொடுத்தார். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் வெட்டினார். மாமா கெட்ட வார்த்தை சொன்னார். அவரும் சொன்னார். பிறகு வேலியின் இடைவெளி வழியாக இந்தப் பக்கம் வந்தார்.

இதுவரை நடந்தது எனக்கு வரிசையாக, தெளிவாக நினைவிருக்கிறது. இதற்குப் பிறகுதான் குழப்பம்.

அவர் கை உயர்ந்தது. கொடுவாளின் வளைந்த முனையில் வெயில் பட்டது. மாமா துப்பாக்கியைத் தோளிலிருந்து எடுத்துவிட்டார், எப்போது எடுத்தார் என்று நான் பார்க்கவில்லை. "வராத, வராத" என்று மாமா சொன்னது கேட்டது. அவரும் ஏதோ சொன்னார். இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். வெடிச்சத்தம் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேனா, இல்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

பார்த்தபோது அவர் பக்கவாட்டில் விழுந்து கிடந்தார். மாமா துப்பாக்கியை ஒரு முந்திரி மரத்தில் சாய்த்துவைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போய் என் துண்டை விழுந்து கிடந்தவரின் விலாவில் வைத்து அழுத்தினேன். மருந்துக்கடைக்காரன் என்பதால் எனக்கு ஏதாவது தெரியும் என்று நினைப்பார்கள். அழுத்துவதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு கையால் ஆம்புலன்ஸுக்கு போன் போட்டேன். அவர் என் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார். பிடியில் நல்ல பலம் இருந்தது. என் முகத்தைப் பார்த்து, "போறேன்… போறேன்னு…" என்றார். அதற்குமேல் வார்த்தை வரவில்லை.

ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

மாமா தானாகவே துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். என்னையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். எழுதிக்கொண்டவர் கேள்வியிலேயே பாதி பதிலை வைத்திருந்தார். வெட்ட வந்தாரா என்று கேட்டார். வந்தார் என்றேன். கையில் ஆயுதம் இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்றேன். பிறகு உங்கள் மாமா சுட்டார், அப்படித்தானே என்றார். ஆமாம் என்றேன். படித்துக் காட்டியபோது கொடுவாள் என்று நான் சொன்னது அரிவாள் என்று இருந்தது. சட்டையில் ரத்தம் காய்ந்து விறைத்துப்போயிருந்தது. எதையும் மாற்றச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. இறந்தவர் கடைசியாகச் சொன்னதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மறைக்க நினைத்துச் சொல்லாமல் இல்லை. அது ஒரு வாக்குமூலத்தில் வரவேண்டிய விஷயம் என்றே எனக்கு அப்போது தெரியாது.

மாமாவைக் கடலூர் கேப்பர் மலை ஜெயிலில் வைத்தார்கள். மூன்று மாதம் கழித்து ஜாமீன் கிடைத்தது. வழக்கு கொலை வழக்கு. நான் அரசுத் தரப்புச் சாட்சி. மச்சானே சாட்சி என்றால் பல்டி அடித்துவிடுவான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நான் எங்கே பல்டி அடிப்பது? எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பதே எனக்குப் புரியவில்லை.

மாமாவுக்காக வாதாடியவர் கடலூரில் ஒரு பெண் வக்கீல். ஐம்பது வயதிருக்கும், மஞ்சக்குப்பத்தில் வீட்டின் முன்னறையிலேயே ஆபீஸ். நானும் அக்காவும் முதல்முறை போனபோது அவர் சட்டத்தை எங்களுக்குப் புரியும்படி சொன்னார். வேலி என்பது சொத்து. சொத்துக்கு நஷ்டம் செய்கிறவனைத் தடுக்கலாம், தள்ளிவிடலாம். ஆனால் வெறுமனே வேலி வெட்டியதற்காக உயிரை எடுக்கச் சட்டத்தில் இடமில்லை. அதே ஆள் கையை ஓங்கிக்கொண்டு வந்து, இந்த நிமிஷம் நான் திருப்பி அடிக்காவிட்டால் செத்துவிடுவேன், அல்லது பலத்த காயம் படும் என்று நியாயமான பயம் வந்தால், உயிரை எடுத்தாலும் அது குற்றமே இல்லை.

"வேலிக்காகச் சுட்டிருந்தா கொலை. உசுருக்காகச் சுட்டிருந்தா ஒண்ணுமே இல்ல" என்றார். "தோட்டா என்னவோ ஒண்ணுதான். எதுக்குன்றதுதான் கேஸு."

பயம் எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவு நேரம்தான் அந்த உரிமையும் இருக்கும் என்றார். வந்தவன் திரும்பிப் போக ஆரம்பித்துவிட்டால் உரிமை அங்கேயே முடிந்துவிடும். அதற்குப் பிறகு சுட்டால் அது பழிவாங்குவது. ஆனால் உயிர்பயத்தில் இருப்பவன் எவ்வளவு பலம் காட்டினான் என்று கோர்ட் நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பார்க்காது என்றும் சொன்னார். அக்காவின் முகம் முதல் பாதியில் வெளுத்து, இரண்டாம் பாதியில் கொஞ்சம் தெளிந்தது.

நான் செல்போனில் அந்தச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். படித்ததும் இன்னும் குழம்பினேன். ஓரிடத்தில் நூறாவது பிரிவு என்று இருந்தது, இன்னோரிடத்தில் முப்பத்தெட்டு என்று இருந்தது. வக்கீலிடம் கேட்டதற்கு, இடையில் சட்டமே புதிதாக வந்துவிட்டது, பழைய நூறுதான் இப்போது முப்பத்தெட்டு, ஆனால் நம் சம்பவம் அதற்கு முன்னாலேயே நடந்தது, அதனால் நமக்குப் பழையதுதான் என்றார். நம்பர்தான் வேறு, விஷயம் ஒன்றுதான் என்றார். எனக்கு நம்பர் ஒரு பிரச்சினையில்லை. 'நியாயமான பயம்' என்ற இரண்டு வார்த்தையில்தான் நான் மாட்டிக்கொண்டிருந்தேன். மாமாவுக்குள் இருந்த பயத்தை நான் எப்படிப் பார்த்திருக்க முடியும்?

இரவு படுத்தால் அந்த "போறேன்" திரும்பத் திரும்ப வந்தது. சாகப்போகிறவன் போறேன் என்று சொல்வது இயல்பு. ஆனால் 'போறேன்னு' என்றாரே. போறேன்னு சொன்னேனே என்று சொல்ல வந்தாரா? நான் போகிறேன் என்று சொல்லியும் சுட்டுவிட்டானே என்றா? வெடிக்கு முன்னால் இருவரும் ஒரே நேரத்தில் பேசியபோது அவர் சொன்னது அதுதானா? இல்லை, அது வெறும் முனகலா? 'னு' என்ற அந்த ஓரெழுத்து உண்மையிலேயே என் காதில் விழுந்ததா, நானாகச் சேர்த்துக்கொண்டேனா? நாளாக ஆக எதுவும் நிச்சயமில்லாமல் போனது.

சாட்சி சொல்ல சம்மன் வந்ததும் தனியாகக் கடலூர் போய் வக்கீலைப் பார்த்தேன். "மேடம், அவரு சாவும்போது ஒரு வார்த்த சொன்னாரு" என்று ஆரம்பித்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"நீங்க அவுங்க சாட்சி. என் சாட்சி இல்ல. எங்கிட்ட அதச் சொல்லாதீங்க" என்றார். "கேட்டா உள்ளதச் சொல்லுங்க. பொய் சொல்லாதீங்க. அவ்வளவுதான் நான் சொல்லலாம்."

கேட்காவிட்டால் என்ன செய்வது என்று கேட்க நினைத்தேன். அதற்குள் வேறு கேஸ்காரர்கள் உள்ளே வந்துவிட்டார்கள்.

சாட்சி சொல்ல வேண்டிய நாள் காலையில் சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்துப் போனேன். கோர்ட் வராந்தாவில் பெஞ்சில் இடமில்லை, சுவரோரம் நின்றேன். அங்கே இறந்தவரின் மனைவி உட்கார்ந்திருந்தார். முந்திரி உடைக்கிற கம்பெனியில் வேலை செய்பவர். முந்திரித் தோலிலிருந்து கசியும் எண்ணெய் பட்டுப்பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்து உரிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"நீங்கதான அண்ணா கடைசியா அவரு கையப் புடிச்சினு இருந்தீங்க" என்றார். "ஏதாவது சொன்னாரா?"

இரண்டு வருஷத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். வாய் வரைக்கும் வந்தது. "தண்ணி கேட்டாரு" என்றேன்.

"குடுத்தீங்களா?"

"குடுத்தேன். ரெண்டு வாய் குடிச்சாரு."

அவர் தலையை ஆட்டினார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நல்லா இருங்க என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். தோப்பில் தண்ணீரே இல்லை. என்னிடம் ஒரு பாட்டில்கூட இல்லை. ஒரு பொய்யைச் சொல்லி, அதற்கு மேல் இன்னொன்றையும் அடுக்கிவிட்டு நின்றேன். அதற்கு அவர் என்னை வாழ்த்திவிட்டுப் போனார். சரியாக அந்த நேரத்தில் உள்ளே என் பெயரைக் கூப்பிட்டார்கள். உண்மையைத் தவிர வேறெதையும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

அரசு வக்கீல் நிதானமாகக் கேட்டார். வேலி, பாதை, வாய்ச்சண்டை எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, சுடும்போது அவர் எந்தப் பக்கம் பார்த்து நின்றார் என்று கேட்டார்.

"கை ஓங்கியிருந்திச்சு" என்றேன்.

"கையக் கேக்கல. கால் எந்தப் பக்கம் பாத்து இருந்தது?"

காலை நான் பார்க்கவே இல்லை. அந்த நிமிஷம் வரை அதைப் பற்றி யோசித்ததும் இல்லை. காலைப் பார்க்கவில்லை என்றேன். நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு ஒருமுறை என்னை நிமிர்ந்து பார்த்தார். தோட்டாவிலிருந்து சிதறிய குண்டுகள் இடது விலாப் பக்கம், கொஞ்சம் பின்னாலிருந்து உள்ளே போயிருக்கின்றன, அதனால் அவர் திரும்பிவிட்டார் என்பது அரசு வக்கீலின் வாதம். எங்கள் வக்கீல் எழுந்து, வலது கையில் கொடுவாளை ஓங்குகிறவன் உடம்பு இயல்பாகவே அப்படித்தான் திரும்பும் என்று கையை ஓங்கியே காட்டினார். இரண்டையும் கேட்டேன். இரண்டும் உண்மையாகவே பட்டது.

பிறகு எங்கள் வக்கீல் என்னைக் குறுக்கு விசாரணை செய்தார். நான் எவ்வளவு தூரத்தில் நின்றேன் என்று கேட்டார். பத்துப் பன்னிரண்டு அடி இருக்கும் என்றேன். உங்களுக்குப் பயமாக இருந்ததா என்றார். இருந்தது என்றேன்.

"எதப் பாத்து பயந்தீங்க?"

எதைப் பார்த்து? அந்த நேரத்தில் நான் கொடுவாளுக்கும் பயந்தேன், மாமாவின் கையிலிருந்த துப்பாக்கிக்கும் பயந்தேன். யோசித்துப் பார்த்தால் துப்பாக்கிக்குத்தான் ஜாஸ்தி பயந்தேன். கூண்டில் நின்றுகொண்டு அக்காவைப் பார்த்தேன். அவள் பின்வரிசையில் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கொடுவாளப் பாத்து" என்றேன்.

அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. கடைசியாக அவர் என்ன சொன்னார் என்று இரண்டு வக்கீல்களும் கேட்கவில்லை. நீதிபதியும் கேட்கவில்லை. இறங்கலாம் என்றார்கள். இறங்கிவிட்டேன். சாகிறவன் தன் சாவைப் பற்றிச் சொல்லும் வார்த்தைக்குக் கோர்ட்டில் தனி மதிப்பு உண்டு என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அரைகுறை வார்த்தைக்கும் அந்த மதிப்பு உண்டா என்று தெரியவில்லை.

சில மாதங்களில் தீர்ப்பு வந்தது. மாமா விடுதலை. எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்ட மாமாவின், மனதில் உயிருக்கு ஆபத்து என்ற நியாயமான அச்சம் இருந்ததாக நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது என்று வக்கீல் படித்துச் சொன்னார். சம்பவ இடத்தில் நின்ற சாட்சியே தனக்கும் அச்சம் ஏற்பட்டதாகச் சொல்லியிருக்கிறார் என்று அதில் ஒரு வரி இருந்தது. அக்கா அழுதாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லன்னா என் குடும்பம் இல்ல தம்பி" என்றாள். அந்த வராந்தாவில் இறந்தவரின் மனைவியைத் தேடினேன். அன்று அவர் வரவில்லை, வேலைக்குப் போய்விட்டார் என்று யாரோ சொன்னார்கள்.

எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் மாமா பழைய மாமாவாக இல்லை. தோப்புப் பக்கம் போவதை விட்டுவிட்டார். வடக்கு ஓரத்து வேலியை ஆள் வைத்து முழுதாகப் பிடுங்கிப் பாதையைத் திறந்துவிட்டார் என்று அக்கா போனில் சொன்னாள். நல்லதுதானே என்றேன். வாசலில் பைக் நின்றால் எழுந்து கதவைச் சாத்துகிறார் என்றாள்.

போன மாதம் ஒருநாள் மாமா கடலூரிலிருந்து போன் செய்தார். கலெக்டர் ஆபீஸில் ஒரு வேலை இருக்கிறது, நீயும் வா மச்சான் என்றார். கடையை வேலைக்கு நிற்கும் பையனிடம் விடாமல் பூட்டிவிட்டே போனேன். ஆபீஸ் எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். கேஸோடு ரத்தான துப்பாக்கி லைசென்ஸை மறுபடியும் கேட்கிற விண்ணப்பம் கையில் இருந்தது. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னை எழுதச் சொன்னார். எதற்கு மாமா இனிமேல் என்றேன். செத்தவனின் அண்ணன்கள் இருக்கிறார்கள் என்றார். அவர்கள் ஏதாவது சொன்னார்களா என்றேன். ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது என்றார்.

பெயர், முகவரி எல்லாம் எழுதினேன். என்ன காரணத்துக்காக ஆயுதம் தேவை என்ற கட்டத்துக்கு வந்தபோது என்ன எழுத என்று கேட்டேன். தற்காப்பு என்று எழுது என்றார். நான் எழுதத் தொடங்குவதற்குள் அவர் மெதுவாகப் பேசினார்.

"மச்சான், நீ கிட்டத்துல நின்ன. அன்னிக்கு அவன் வந்துக்கினுதான இருந்தான்?"

டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டார். அவருக்கும் தெரியாது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் மனதில் இருந்த பயத்தைப் பற்றி ஒரு கோர்ட்டே முடிவு சொல்லிவிட்டது. அந்த மனதுக்குச் சொந்தக்காரர் என்னிடம் கேட்கிறார்.

"ஜட்ஜே சொல்லிட்டாரே மாமா" என்றேன்.

"அவரு அங்க இல்லியே" என்றார். டீ கிளாஸைத் தள்ளிவைத்துவிட்டு, "நான் பயந்தேனா, கோவப்பட்டேனான்னு எனக்கே சரியா தெரியல. ரெண்டும் ஒரே மாதிரிதான் இருந்திச்சு. கை நடுங்கிச்சு, அது தெரியும்" என்றார்.

நானும் அவருக்கு ஒரு பதில் சொல்லியிருக்கவேண்டும். வந்தான் என்று சொல்லியிருந்தால் அவர் தூங்குவார். தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் உண்மையாவது சொன்னதாக இருக்கும். கேட்ட வார்த்தையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே முடியவில்லை. மூன்றில் எதையும் சொல்லாமல் இன்னொரு டீ சொன்னேன்.

அவர் விண்ணப்பத்தை என்னிடமிருந்து வாங்கினார். காரணம் எழுதவேண்டிய கட்டம் காலியாகவே இருந்தது. அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சிதம்பரம் பஸ் வந்ததும் என்னை ஏற்றிவிட்டு, ஜன்னலருகே நின்று, அக்கா பலாப்பழம் எடுத்துவைத்திருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொண்டு போ என்றார். சரி மாமா என்றேன். பஸ் நகர்ந்தபோது அவர் ஆபீஸ் பக்கம் போகிறாரா, ஊருக்குப் போகிற பண்ருட்டி பஸ் நிற்கிற பக்கம் போகிறாரா என்று திரும்பிப் பார்த்தேன். கூட்டத்தில் தெரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் காடாம்புலியூருக்குப் போகவில்லை, கடையில் வேலை இருக்கிறது என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன்.